சிபாரிசு எனும் அமானிதம்

சிபாரிசு என்ற சொல் எமது நாட்டில் நல்ல பெயரோடு உலவுவதில்லை. அரசியல்வாதியின் கடிதத்தலைப்பில் நான்கு வரி. கீழே ஒரு கையொப்பம். இடமாற்றம், பாடசாலை அனுமதி, சிற்றூழியர் நியமனம் எதுவானாலும் கேட்பவருக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி பின்னே போய், கையொப்பமிட்டவர் யார் என்ற கேள்வி முன்னே வந்து நிற்கும். அதே சொல்லைத்தான் நூல்களுக்கும் பயன்படுத்துகிறோம். "வாசிக்க நல்லதொரு புத்தகம் சிபாரிசு பண்ணுங்க" என்று வாசிகசாலைக்கு வருபவர் கேட்கிறார். இந்தச் சிபாரிசு வேறு, அந்தச் சிபாரிசு வேறு என்றே நாம் நம்புகிறோம். சற்றுக் கூர்ந்து பார்த்தால் அவ்வளவு தூரம் வேறல்ல என்பது புலப்படும். நூலைச் சொல்லும்போதும் சில வேளைகளில் கேட்பவரின் தேவை மறைந்து, சொல்பவரின் மேதாவித்தனமோ அவர் சார்ந்த அணியோ முன்னே வந்துவிடுகிறது.

கிழக்குக் கரையோரத்தில் எங்கள் ஊரிலுள்ள வாசிகசாலையொன்றில், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், மாலை வேளைகளில் இரவல் வழங்கும் மேசையில் அமர்ந்து வருகிறேன். சம்பளமில்லாத வேலை. சனசமூக நிலையத்தின் ஓர் அறை, ஐந்து அலுமாரிகள், பத்திரிகை விரிக்கும் நீள மேசை, ஓரத்தில் சிறுவர் பகுதி. இலங்கையின் எந்த ஊரிலும் காணக்கூடிய வாசிகசாலைதான். அந்த மேசையில் இருந்துகொண்டு யோசித்த ஒரு வினாவையே இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒருவர் இன்னொருவருக்கு 'இதை வாசியுங்கள்' என்று சொல்லும்போது அவர் எதற்குப் பொறுப்பாளியாகிறார்? யாருக்குப் பொறுப்பாளியாகிறார்?

எமது மரபில் இதற்கு விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கை ஒப்படைக்கப்பட்டவர் எனும் கருத்தில் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இடம்பெறும் நபிமொழியை நாம் அறிவோம். அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் 85 ஆவது வசனம், நல்லதற்குச் சிபாரிசு செய்பவருக்கு அதில் பங்குண்டு என்றும் தீயதற்குச் சிபாரிசு செய்பவருக்கும் அதில் பங்குண்டு என்றும் பொருள்படப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சிபாரிசு என்பது வெறும் அபிப்பிராயமன்று. அது அமானிதம். அமானிதம் என்றால் அதற்கு உரியவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கு உரியவர் கேட்க வந்த வாசகர். நூலாசிரியர் அல்லர், பதிப்பகத்தார் அல்லர், ஊர்ப் பெரியவர்களும் அல்லர்.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகப் பயிற்சி பெற்ற எவரும் அறிவர். அவற்றின் வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நூல்கள் பயன்பாட்டுக்குரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவதாகவே வருகிறது. வாசகர் முன்னே, நூல் பின்னே. நாமோ பெரும்பாலும் மூன்றாம் விதியை முதலாவதாக்கி விடுகிறோம். கையில் ஒரு நல்ல நூலை வைத்துக்கொண்டு அதை யார் தலையில் கட்டலாம் என்று ஆள் தேடுகிறோம். எழுத்தாளர்களாகிய எங்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். வெளியீட்டு விழாவில் மிஞ்சிய ஐம்பது பிரதிகள் வீட்டில் இருந்தால் யாரைக் கண்டாலும் அவருக்குரிய நூல் அதுவாகவே தெரியும்!

ஆகவே நூலைச் சொல்ல முன்னர் கேட்க வேண்டியிருக்கிறது. எனது அனுபவத்தில் மிகப் பயனுள்ள கேள்வி "என்ன மாதிரிப் புத்தகம் விருப்பம்?" என்பதன்று. அதற்குப் பெரும்பாலோர் மரியாதைக்காக ஒரு விடையைச் சொல்லிவிடுவர். "கடைசியாக முடித்த புத்தகம் எது? இடையில் நிறுத்திய புத்தகம் எது?" என்று கேட்டால் உண்மையான விடை வரும். நிறுத்திய இடமே ஒருவரது வாசிப்பை அதிகம் சொல்லும். எழுத்து சிறிதாக இருந்ததால் நிறுத்தினாரா, பெயர்கள் குழப்பியதால் நிறுத்தினாரா, மனம் நொந்து நிறுத்தினாரா என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அடுத்து, ஒரு நூலை மாத்திரம் நீட்டாமல் மூன்றை மேசையில் வைப்பது நல்லது. அவர் ஏற்கெனவே விரும்பியதற்கு நெருக்கமானது ஒன்று, ஒரு படி தள்ளியது ஒன்று, முற்றிலும் வேறானது ஒன்று. ஒன்றை மட்டும் நீட்டினால் அது கட்டளையாகிவிடும். மூன்றை வைத்தால் தெரிவு அவருடையது.

திரும்பி வந்த நூல்களை உடனடியாக அலுமாரியில் அடுக்காமல் ஒரு நாள் திறந்த மேசையில் விட்டுவைப்பதும் எளிய உத்தி. எந்த விமர்சகரின் பட்டியலையும் விட அந்த மேசைக்கு ஈர்ப்பு அதிகம். ஊரார் வாசித்ததை ஊரார் எடுத்துப் பார்க்கிறார்கள். யார் வாசித்தார் என்பது அங்கு எழுதப்பட்டிருப்பதில்லை. நூலினுள் சிறு துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதி வைப்பதும் உதவும். 'அற்புதமான படைப்பு' என்று எழுதுவதால் பயனில்லை. 'முதல் முப்பது பக்கம் மெதுவாகப் போகும். பிறகு வேகமெடுக்கும்' என்று எழுதினால் ஒருவர் பதினைந்தாம் பக்கத்தில் கைவிடாமல் இருப்பார்.

கேட்பவரே கண்முன் வராத சந்தர்ப்பங்களும் உண்டு. எமது ஊர்களில் பெண்கள் பலர் வாசிகசாலைக்கு நேரில் வருவதில்லை. பத்து வயது மகன் வருவான். "உம்மாக்குக் கதப்பொஸ்தகம் ஒண்டு வேணுமாம்" என்பான். அந்த உம்மா யார், எதுவரை படித்தவர், எந்த நேரத்தில் வாசிக்கிறார் என்பது எமக்குத் தெரியாது. பையன் கையில் முதலில் கிடைத்ததைக் கொடுத்தனுப்பினால் அந்தத் தாய்க்கு நாம் செய்வது அநீதி. நான் மகனிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தனுப்புவேன். போனமுறை எடுத்த நூல் பிடித்ததா, கதை வேண்டுமா, வேறேதும் வேண்டுமா என்று மூன்று கேள்விகள். சிலர் விடை எழுதி அனுப்புவர். அப்படி எழுதியனுப்பிய ஒருவருக்கு வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' தமிழ் மொழிபெயர்ப்பு போனது. வீடு நிறையச் சனம், நடுவில் எழுத்தாளர், அவர் எழுதிய புத்தகங்களையே மென்று தின்னும் ஓர் ஆடு. 'எங்கட ஊட்டுக் கதைதான்' என்று பின்புறத்தில் எழுதி வந்தது. சிபாரிசு செய்தவனுக்குக் கிடைக்கக்கூடிய கூலி அவ்வளவுதான், அது போதும்.

வாசிகசாலை ஒன்று எதைச் சிபாரிசு செய்கிறது என்பதை அதன் அலுமாரிகளே சொல்லிவிடும். டூயி தசமப் பகுப்பில் சமயத்துக்குரிய 200 களில் 220 முதல் 280 கள் வரை கிறிஸ்தவத்துக்கு ஒதுக்கப்பட்டு, ஏனைய சமயங்கள் யாவும் 290 களுக்குள் நெருக்கப்பட்டுள்ளன. இஸ்லாத்துக்கு 297 என்ற ஒரே இலக்கம். 1876 இல் அமெரிக்காவில் உருவான ஒரு முறை தன் உலகத்தைப் பெரிதாகவும் பிறர் உலகத்தைச் சிறிதாகவும் கண்டது என்று நாம் குறை கூறுவதுண்டு. குறை நியாயமானதே. ஆனால் எமது வாசிகசாலைகளில் 297 இரண்டு அலுமாரிகளை நிரப்பி வழிய, விஞ்ஞானத்துக்குரிய 500 கள் அரைத் தட்டோடு நின்றுவிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த 297 க்குள்ளும் ஜமாஅத்துக்கொரு தட்டு. ஒரு ஜமாஅத்தின் வெளியீட்டைக் கேட்பவருக்கு மற்றையதன் வெளியீட்டைக் காட்டினால் முகம் சுருங்குகிறது. வாசிப்பு அறிவைத் தேடுவதற்கா, ஏற்கெனவே கொண்ட முடிவுக்குக் கையொப்பம் வாங்குவதற்கா என்ற சந்தேகம் எழுகிறது.

எமது இலக்கியப் பரம்பரையை அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் பொறுப்பும் இதில் அடங்கும். கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885 இல் எழுதிய 'அஸன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்பதை உயர்தர மாணவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். காயிரோ, பம்பாய், கல்கத்தா என்று நகரும் அந்தக் கதையை வாசித்தவர்கள் எத்தனை பேர்? இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' நாவலும் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும் தட்டில் இருப்பதால் மட்டும் வாசிக்கப்படுவதில்லை. யாரோ ஒருவர் எடுத்து நீட்டுவதால்தான் வாசிக்கப்படுகின்றன. ஆனால் நீட்டும்போது 'இது எங்கட சமூகத்து எழுத்து, ஆகவே வாசி' என்று சொன்னால் அது கடமையாகிவிடும். கடமைக்கு வாசித்தவர் இரண்டாவது நூலுக்கு வருவதில்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரிய பிணக்கு இருக்க நியாயமில்லை. சிக்கல் எழுவது, வாசகர் கேட்கும் நூலை நாம் சிபாரிசு செய்ய விரும்பாதபோது.

ஒரு மாலையில் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய பிள்ளையொன்று வந்து, "சேர், சல்மாட நாவல் இரிக்கா?" என்று கேட்டாள். 2004 இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைத்தான் கேட்டாள். அது எம்மிடம் இருந்தது. பத்திரிகை மேசையில் இருந்த ஹாஜியார் ஒருவர், வாசிகசாலைக்கு அடிக்கடி உதவி செய்பவர், எழுந்து வந்து என் காதோடு, "இல்லெண்டு செல்லி உடுங்க மாஸ்டர்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளையின் நன்மைக்காகவே சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

அவரது வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வாசிகசாலை ஊராரின் ஸதகாவில் நடக்கிறது. வக்பு செய்தவரின் நிபந்தனை மதிக்கப்பட வேண்டும் என்பது பிக்ஹில் நன்கறியப்பட்ட விதி. தமது பணத்தில் வாங்கிய அலுமாரியிலிருந்து, தாம் தீங்கெனக் கருதும் ஒன்று ஒரு குமர்ப்பிள்ளையின் கைக்குப் போவதை அவர் ஏன் சகிக்க வேண்டும்? தீமைக்குச் சிபாரிசு செய்பவருக்கு அதில் பங்குண்டு என்ற வசனம் எனக்கும் பொருந்தாதா?

நான் இப்படி யோசித்தேன். இங்கு மூன்று செயல்கள் உள்ளன. ஒரு நூலை வாசிக்குமாறு தூண்டுவது ஒன்று. கேட்டால் கொடுப்பது இன்னொன்று. இருக்கும்போதே இல்லை என்பது மூன்றாவது. முதலாவதைச் செய்யாதிருக்க எனக்குப் பூரண உரிமையுண்டு. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய எவரும் கடமைப்பட்டவரல்லர். இரண்டாவதில் வயதும் சந்தர்ப்பமும் பார்க்கலாம். பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் 'இது உனக்குச் சில வருடம் கழித்து' என்று காரணத்தோடு சொல்வதில் பிழையில்லை. அவன் வாப்பாவிடம் முறையிடலாம், என்னோடு விவாதிக்கலாம். மூன்றாவது அப்படியன்று. அது பொய். பொய் சொல்லப்பட்டவருக்கு விவாதிக்கக்கூட வழியில்லை. தன்னிடமிருந்து ஒன்று மறைக்கப்பட்டது என்பதையே அவர் அறியமாட்டார். வக்பு செய்தவரின் நிபந்தனை அவர் கொடுத்த பொருளைக் கட்டுப்படுத்தும். பொய் சொல்லுமாறு ஒரு நிபந்தனை இருக்க முடியாது. பாவத்தைக் கோரும் நிபந்தனை நிபந்தனையே அல்ல.

ஆகவே அப்பிள்ளையிடம் நூல் இருக்கிறது என்றேன். தமிழ்நாட்டு முஸ்லிம் கிராமமொன்றின் பெண்களுடைய உள்வீட்டு வாழ்வைப் பேசுவது, உடலைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசுவது, பலர் பாராட்டியதும் சிலர் கடுமையாக வெறுத்ததுமான நூல் என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தாள். அன்று அதை எடுக்கவில்லை. மீரானின் நாவலை எடுத்துக்கொண்டு போனாள். எடுக்காதிருக்கும் முடிவும் அவளுடையதாகவே இருந்தது. ஹாஜியார் தருவதாகச் சொல்லியிருந்த இரும்பு அலுமாரி வரவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு வழமைபோல் பத்திரிகை வாசிக்க வந்தார், ஸலாம் சொன்னார். எங்களுக்குள் அவ்வளவுதான்.

எது தீங்கான நூல் என்பதில் எமது முன்னோரும் ஒருமித்ததில்லை. இன்று எந்த மத்ரஸாவிலும் மரியாதையோடு எடுக்கப்படும் இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்' கி.பி. 1109 இல் முராபித்துகளின் ஆட்சியில் குர்துபாவில் எரிக்கப்பட்டது. எரிக்கச் சொன்னவர்கள் முஸ்லிம் சட்ட அறிஞர்கள். அப்போது கஸ்ஸாலி உயிரோடிருந்தார். அவர்களும் சமூகத்தைக் காப்பாற்றுவதாகவே எண்ணினர். இதனால் எல்லா நூலும் நல்ல நூல் என்றாகிவிடாது. தீர்ப்புச் சொல்பவர் தன் தீர்ப்பை வாசகருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும், மறுத்துரைக்க இடம் வைக்க வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம். நூலை எரித்தவர்களும் அதை ஒளித்து வைப்பவர்களும் வைக்காத இடம் அதுதான்.

எரிப்பைப் பற்றி எமக்கு வரலாற்று நூல்கள் சொல்ல வேண்டியதில்லை. 1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அந்த அழிவை 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையாக்கியவர் கல்முனையைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான். நூலகம் எந்த ஊரினது, எந்தச் சமூகத்தினது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் விட்டு வந்தவற்றுள் அவர்களது நூல்களும் இருந்தன. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறியபோது எமது கரையோரத்து அலுமாரிகள் சேற்றோடு கிடந்தன.

2019 ஏப்ரல் 21 இற்குப் பின் வந்த நாட்கள் வேறு விதமானவை. அப்போது நூல்களை யாரும் வந்து எரிக்க வேண்டியிருக்கவில்லை. தேடுதலுக்கு அஞ்சி நாமே செய்தோம். எனக்குத் தெரிந்த வீடுகளில் அறபெழுத்துத் தெரிந்த எதையும் வைத்திருக்கப் பயந்தார்கள். உம்மம்மா பாதுகாத்த அறபுத் தமிழ்க் கிதாபுகளும் அதில் அகப்பட்டன. எழுத்து அறபு, மொழி தமிழ் என்பதை யாருக்கு விளங்கப்படுத்துவது? 2020 மே மாதத்தில் இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. ஒரு கவிதை நூல் சரியாக வாசிக்கப்படுவதற்கு மூன்றரை வருடம் சென்றது.

அந்த நாட்களில்தான் அமானிதத்தின் இன்னொரு பக்கம் எனக்கு உறைத்தது. வாசிகசாலையில் எம்மிடம் ஒப்படைக்கப்படுபவை நூல்கள் மாத்திரமல்ல. யார் எதை எடுத்தார் என்ற தகவலும்தான். நோயைப் பற்றி எடுத்தவர், விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி எடுத்தவர், தன் கொள்கைக்கு மாறான நூலை எடுத்தவர் என்று எல்லோரது அந்தரங்கமும் அந்த இரவல் பதிவேட்டில் கிடக்கிறது. 'இன்னார் மகன் இதெல்லாம் வாசிக்கிறானாமே?' என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பேச்சு எழுந்தால் போதும். அந்தப் பையன் பின்னர் வாசிகசாலைப் பக்கமே வரமாட்டான். அதைவிடப் பெரிய விபத்தும் நேரலாம்.

பழைய பிரவுண் முறை இவ்விடயத்தில் பதிவேட்டை விட மேலானது. நூலின் அட்டையை வாசகரின் சிறு உறைக்குள் இட்டுத் திகதி வரிசையில் வைப்பார்கள். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்குள்ளும் உறை வாசகரிடமும் போய்விடும். யார் எதை வாசித்தார் என்பதற்குச் சுவடு எஞ்சாது. வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனாலும் அதில் ஓர் அறம் இருக்கிறது. கணினிக்கு மாறும் வாசிகசாலைகள், நூல் திரும்பிய பின் பெயரை அழிக்கும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பதிவேடே வைத்திருப்பவர்கள், திரும்பிய நூலுக்கெதிரே பெயரை வாசிக்க முடியாதவாறு அடித்துவிடலாம். ஒரு பேனைச் செலவுதான்.

நூல்களின் உடலைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. உப்புக்காற்று வீசும் ஊர்களில் அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் ஈரமும் கறையானும் எளிதில் ஏறாது. நனைந்த நூலை வெயிலில் விரித்தால் தாள் கோணிவிடும். நிமிர்த்தி வைத்து, இடையிடையே வெறுந்தாள் செருகி, நிழலில் காற்றாடவிட வேண்டும். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டக்கூடாது. சில வருடங்களில் அது மஞ்சளாகித் தாளையே அரித்துவிடும். வீட்டுப் பரணில் அறபுத் தமிழ் நூலோ பழைய சஞ்சிகையோ இருந்தால் எறிய வேண்டாம். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களை மின்வருடிப் பேணி வருகிறது. எஞ்சியிருப்பதைக் காப்பதும் இன்னும் பிறக்காத ஒரு வாசகருக்குச் செய்யும் சிபாரிசுதான்.

சிபாரிசுக் கடிதம் எழுதும் அரசியல்வாதியிடம் நாம் எதிர்பார்ப்பது தன் செல்வாக்கைக் கேட்பவரின் தகுதிக்குப் பின்னால் நிறுத்த வேண்டும் என்பதைத்தான். நூலை நீட்டுபவரிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே. கேட்டு அறிந்து கொடுப்பது, உள்ளதை உள்ளதென்று சொல்வது, வேண்டாமென்று தோன்றினால் அதை வெளிப்படையாகச் சொல்வது, எடுத்துச் சென்றவரின் பெயரைத் தன்னோடு வைத்துக்கொள்வது. இவை நான்கும் சம்பளம் பெறும் நூலகருக்கு மாத்திரம் உரிய கடமைகளல்ல. மகளுக்குப் புத்தகம் வாங்கும் வாப்பாவுக்கும், வகுப்பில் நூற்பெயர் சொல்லும் ஆசிரியருக்கும், இச்சஞ்சிகையில் மதிப்புரை எழுதும் எமக்கும் அவை பொருந்தும். எமது ஊர் வாசிகசாலைகளில் பலவற்றில் மாலை நேரத்து மேசை வெறுமையாகக் கிடக்கிறது. கிழமைக்கு ஒரு மாலை அங்கு போய் அமர முடிந்தவர்கள் அமர வேண்டும். கேட்க வருபவர் வருவார்.